நிழலுக்கு நன்றி சொல்வது மார்க்கத்துக்கு மாறானதா?

மதீனாவின் பள்ளிவாசலில் ஒரு பேரீச்ச மரத்தின் அடிமரம் இருந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதன்மீது சாய்ந்து நின்று ஜும்ஆ உரை நிகழ்த்துவது வழக்கம். மக்கள் பெருகியபோது மிம்பர் ஒன்று செய்து வைக்கப்பட்டது. நபியவர்கள் அதில் ஏறிய அந்த வெள்ளியன்று, கைவிடப்பட்ட அடிமரம் குழந்தையைப் போல் தேம்பி அழுததாகவும், நபியவர்கள் இறங்கிச் சென்று அதை அணைத்து அமைதிப்படுத்தியதாகவும் ஸஹீஹுல் புகாரியில் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு. தன்னருகே கேட்டுவந்த இறைநினைவை இழந்ததற்காகவே அது அழுதது என்று நபியவர்கள் விளக்கினார்கள். இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் கண்கலங்குவார்களாம்.

நாமும் இந்தச் செய்தியைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டுப் பள்ளிவாசலின் வாசலைக் கடந்து வெளியே வரும்போது, அங்கே நின்றிருந்த மரத்தைப் பற்றி நாம் நினைத்துப் பார்த்ததில்லை. அது போன பிறகுதான் நினைக்கிறோம்.

புழலில் நம் மஹல்லாப் பள்ளிவாசலின் மதிலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. யார் வைத்தார்கள் என்று சொல்ல இன்று எவரும் இல்லை. அதன் கிளைகள் பாதித் தெருவை மூடியிருந்தன. ரமளானில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியுடன் வரும் பிள்ளைகள் அதன் நிழலில்தான் வரிசையில் நிற்பார்கள். ஜனாஸா தொழுகைக்குக் காத்திருக்கும் கூட்டம் அதன் கீழேதான் கூடும். ஆட்டோ ஓட்டும் தம்பிகள் நண்பகலில் அங்கேதான் கண்ணயர்வார்கள். மக்ரிப் தொழுகை முடியும் நேரம், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓதி ஊதுவதற்காகப் பள்ளிவாசல் வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள் தமிழகத்தின் எந்த ஊருக்கும் புதியவர்கள் அல்லர். அவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர் அல்லர் என்பதும் எல்லோரும் அறிந்ததே. அவர்களும் அந்த மரத்தடியில்தான் நின்றார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. ரபீஉல் அவ்வல் மாதத்தின் நாள்கள் அவை. நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் மரம் சாயவில்லை. அதன் பெரிய கிளைகள் இரண்டு முறிந்தன. அடிமரம் உறுதியாகவே நின்றது. ஆனால் அச்சம் நம்மைப் பிடித்துக்கொண்டது. அடுத்த புயலில் மதிலின்மேல் விழுந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். வண்டி நிறுத்த இடமில்லை என்று இன்னொருவர் சொன்னார். மரத்தை அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டலாம் என்று எவரும் சொல்லவில்லை. சில வாரங்களில் மரம் முழுவதுமாக அறுக்கப்பட்டது. இன்று அங்கே தகரக் கொட்டகையும் இருசக்கர வாகனங்களும் உள்ளன. பங்குனி, சித்திரையில் அந்தத் தகரத்தின் கீழ் ஐந்து நிமிடம் நிற்க முடிவதில்லை. இதில் குற்றவாளி என்று ஒருவரைச் சுட்ட முடியாது. அன்று அந்தக் கூட்டத்தில் வாய்மூடி இருந்த நாம் அனைவருமே அதற்குப் பொறுப்பு.

அன்று பிறந்த குழந்தைகள் இன்று மத்ரஸாவில் ஓதுகிறார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு மரம் இருந்ததே தெரியாது. இந்த நிலையில்தான், மஹல்லாவின் இளைஞர்களும் சில சகோதரிகளும் ஒரு யோசனையை முன்வைத்திருக்கிறார்கள். மத்ரஸாக் கூடத்தில், இரண்டு நாள்கள், அந்த மரத்தின் நினைவாக ஓர் ஓவியக் கண்காட்சி. பிள்ளைகள் வரைந்த படங்கள், பெரியவர்கள் சொல்லும் நினைவுகள், வீட்டு ஆல்பங்களில் அந்த மரம் பின்னணியாக விழுந்திருக்கும் புகைப்படங்கள். தெருவில் உள்ள அனைவரையும், மதம் பாராமல் அழைப்பது.

இந்த யோசனைக்கு எதிர்ப்பும் எழுந்திருக்கிறது. எதிர்ப்பவர்கள் நம் மூத்தோர். அவர்கள் மார்க்கப் பேணுதலால் கேட்கும் கேள்விகளைப் புறந்தள்ளுவது முறையல்ல. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நாம் ஏன் இந்தக் கண்காட்சியை ஆதரிக்கிறோம் என்பதைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த செயல் அன்று. இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஒரு பள்ளத்தில் தனித்து நின்ற சைகமோர் மரம் ஒன்று இருந்தது. நெடுங்காலம் வாழ்ந்த அந்த மரத்தை 2023 செப்டம்பர் 28 அதிகாலையில் இருவர் அறுத்து வீழ்த்தினர். 2025 ஜூலையில் நீதிமன்றம் அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் அந்த ஊர் மக்கள் நீதிமன்றத்தோடு நின்றுவிடவில்லை. மரம் விழுந்து ஓராண்டு நிறைந்தபோது, அருகிலுள்ள ‘தி சில்’ என்னும் காட்சி மையத்தில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. மரத்தின் வெட்டுமுகத்தில் மை தடவி, அதன் வளையங்களை அப்படியே தாளில் பதித்தெடுத்த ஷோனா பிரானிகன் என்னும் கலைஞரின் அச்சு ஓவியம் அங்கே இடம்பெற்றது. பார்க்க வந்தவர்களிடம், இயற்கைக்காக ஒரு வாக்குறுதி தருமாறு கேட்டார்கள். பின்னர் அடிமரத்தின் பெரிய துண்டு ஒன்றும் அங்கே வைக்கப்பட்டது. வருவோர் அதைத் தொடலாம், அணைக்கலாம். அந்த மரத்தின் உயரம் 49 அடி. அதன் கணக்காக, அதன் வித்திலிருந்து வளர்த்த 49 கன்றுகள் பல ஊர்களுக்கு வழங்கப்பட்டன. வெட்டப்பட்ட அடியிலிருந்தும் 2024 கோடையில் புதிய தளிர்கள் வெளிவந்தன.

நம் சென்னையிலும் இழப்பின் கதை உண்டு. அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரம் ஏறத்தாழ 450 ஆண்டுகள் பழமையானது என்பர். காந்தியடிகளும் அன்னி பெசன்ட் அம்மையாரும் பேசிய நிழல் அது. 1989ஆம் ஆண்டுப் புயலில் அதன் தாய்மரம் சாய்ந்தது. நிமிர்த்தும் முயற்சிகள் பலிக்கவில்லை. ஆயினும் விழுதுகள் தாமே மரங்களாகி இன்றும் நிற்கின்றன. கொல்கத்தாவை அடுத்த ஹவுராவின் பேராலமரத்திலும் நோயுற்ற நடுமரம் 1925இல் அகற்றப்பட்டது. விழுதுகளின் காடு தொடர்ந்து விரிகிறது. அங்கெல்லாம் இழப்பைச் சொல்ல ஒரு பலகையும், காட்ட ஒரு காவலாளும் இருக்கிறார்கள். பெங்களூரில் 2014 முதல் குடிமக்கள் தம் பணத்திலேயே ‘நெரளு’ என்ற மரத் திருவிழாவை நடத்தினர். நெரளு என்றால் கன்னடத்தில் நிழல். ஓவியம், கதை, மரங்களைப் பார்த்தபடியே நடப்பது என்று அது அமைந்தது. சென்னையிலும் அதே பொருள்கொண்ட ‘நிழல்’ என்னும் அமைப்பு மர நடைகளைப் பல்லாண்டுகளாக நடத்திவருகிறது.

புழலுக்கு இவை எதுவும் வந்து சேரவில்லை. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றாகத் திகழ்ந்த ஊர் இது. 1876இல் நீர்த்தேக்கமாக விரிவாக்கப்பட்ட நம் ஏரி, 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவோடு இன்றும் மாநகரின் தாகம் தீர்க்கிறது. வெளியூரில் நம் ஊரின் பெயரைச் சொன்னால் சிறைச்சாலை மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஜி.என்.டி. சாலை அகலமாக அகலமாக, துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகும் லாரிகளின் புழுதியே நமக்கு மிஞ்சியது. ஊருக்கெல்லாம் நீர் கொடுக்கும் இடத்தில் பிள்ளைகள் நிற்க நிழல் இல்லை. இத்தகைய ஊரில் ஒரு மரத்தின் இழப்பு சிறிய இழப்பாகாது.

இனி மூத்தோரின் கேள்விகளுக்கு வருவோம்.

ஓவியம் வரைவது கூடுமா என்பது முதற்கேள்வி. படம் வரைந்து பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். உயிருள்ளவற்றின் உருவங்களைப் படைப்போருக்கான எச்சரிக்கையை அவர்கள் எடுத்துச் சொன்னதும் அந்த மனிதரின் முகம் வெளிறிப்போனது. அதைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், அவசியம் வரையத்தான் வேண்டுமென்றால் மரங்களையும் ஆன்மா இல்லாதவற்றையும் வரைந்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. படங்களைப் பற்றி நம் அறிஞர்களிடையே எத்தனையோ கருத்துவேறுபாடுகள் இருக்கலாம். ஆனால் மிகக் கடுமையாகப் பேணுவோருக்கும் திறந்திருக்கும் வாசல் மரம். நம் பிள்ளைகளின் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கருப்பொருள் வேறு என்ன இருக்கிறது?

இரண்டாம் கேள்வி இதைவிடக் கனமானது. மரத்துக்கு நினைவு எடுப்பது நாளடைவில் அதைப் புனிதமாக்குவதில் போய் முடியாதா? ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபியாவில், ஏறத்தாழ 1,400 தோழர்கள் ஒரு மரத்தடியில் நபியவர்களிடம் உறுதிமொழி அளித்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொண்டதைத் திருக்குர்ஆனின் அல்ஃபத்ஹ் அத்தியாயம் அந்த மரத்தையும் குறிப்பிட்டே பேசுகிறது. ஆனால் பின்னாளில் மக்கள் அந்த மரத்தை நாடிச் சென்று தொழுவதை அறிந்த உமர் (ரலி) அவர்கள் அதை வெட்டிவிடக் கட்டளையிட்டதாக ஓர் அறிவிப்பு உண்டு. அடுத்த ஆண்டே அந்த மரம் எதுவென்று தோழர்களுக்குள் இருவர்கூட ஒத்துச் சொல்ல முடியவில்லை என்றும், அது இறைவனின் அருளே என்றும் இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதாகப் புகாரி பதிவு செய்கிறது.

இந்தச் செய்தியை எடுத்துக்காட்டும் மூத்தோர் சரியாகவே எடுத்துக்காட்டுகிறார்கள். நாம் அதை முழுமனதோடு ஏற்கிறோம். ஆகவே அந்த மரத்தின் படத்துக்கு மாலை கிடையாது; விளக்கு கிடையாது; அது நின்ற இடத்தில் எந்த அடையாளக் கல்லும் கிடையாது. மரத்திடம் எதையும் கேட்பதற்கில்லை. ஆனால் நேசிப்பதும் வணங்குவதும் ஒன்றல்ல என்பதையும் அதே மார்க்கம்தான் நமக்குக் கற்றுத்தந்தது. உஹத் மலையைப் பார்த்து, அது நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்னும் கருத்தில் நபியவர்கள் மொழிந்தார்கள். எந்த முஸ்லிமும் அதனால் உஹதை வணங்கிவிடவில்லை. அடிமரத்தை அணைத்த கரங்கள், சிலைகளை அகற்றிய அதே கரங்கள்தாம். படைத்தவனுக்கு நன்றி, அவன் தந்த நிழலை நினைத்துப் பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறது. அருளை மறப்பவனின் நன்றி வாயளவில்தான் நிற்கும்.

மூன்றாவது கேள்வி செலவைப் பற்றியது. பள்ளிக் கட்டணம் கட்ட இயலாத குடும்பங்கள் இருக்கையில் கண்காட்சி வீண்விரயமாகாதா? நியாயமான கேள்வி. பேனர் அச்சடித்து, மேடை போட்டு, பொன்னாடை போர்த்தினால் அது வீண்விரயமேதான். மத்ரஸாக் கூடத்துக்கு வாடகை இல்லை. தாளும் பென்சிலும் பிள்ளைகளிடமே உள்ளன. கயிறு கட்டித் துணிக் கவ்விகளால் படங்களைத் தொங்கவிடலாம். தேநீர் ஒன்றே செலவு. அதற்குமேல் ஒரு ரூபாயும் பைத்துல்மாலிலிருந்து எடுக்கக் கூடாது என்பதை இளைஞர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவது கேள்வி: படம் வரைவதைவிட மரம் நடலாமே? நட வேண்டும்தான். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பதெல்லாம் அவருக்குத் தர்மமாகவே எழுதப்படும் என்பதும், கையில் கன்று இருக்கும்போது மறுமை நாளே வந்துவிட்டாலும் முடிந்தால் அதை நட்டுவிட வேண்டும் என்பதும் நபிமொழிகளின் கருத்து. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் ஒவ்வோராண்டும் கன்று நடுகிறோம். புகைப்படம் எடுக்கிறோம். ஆடு தின்கிறது, வண்டி இடிக்கிறது, கோடையில் வாடுகிறது. மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று. ஏன் இப்படி? நட்டது பிழைக்க வேண்டும் என்ற வேட்கை நமக்கு இல்லை. எதை இழந்தோம் என்று உணராதவர்களுக்கு எதைக் காக்க வேண்டும் என்பது புரிவதில்லை. கண்காட்சி அந்த உணர்வைத் தருமானால், நடப்படும் கன்றுக்கு அதுவே வேலி.

மேலும், நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இலந்தை மரத்தை வெட்டுவோரைக் குறித்துக் கடுமையான ஹதீஸ் ஒன்று அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே அதற்கு விளக்கம் தருகிறார்கள்: வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழலுக்கு ஒதுங்கும் வெட்டவெளி மரத்தை, உரிமையின்றி வீணாக வெட்டுவோரைப் பற்றியது அது. மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தப்படுத்துவதையே நபியவர்கள் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்திருக்க, நிழலையே இல்லாமல் ஆக்குவது எத்தகையது? மறுபுறம், பாதையில் மக்களுக்குத் தொல்லை தந்த மரத்தை வெட்டி அகற்றியதற்காக ஒருவர் சுவனத்தில் உலாவியதைத் தாம் கண்டதாகவும் நபியவர்கள் அறிவித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. வெட்டுவதே பாவம் என்பதில்லை. உண்மையிலேயே தீங்கு இருக்கிறதா என்று ஆராயாமல் வெட்டுவதுதான் தவறு. நாம் ஆராயவில்லை. அதுவே நம் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே, கண்காட்சி நடக்கட்டும் என்பதோடு சில கோரிக்கைகளையும் முன்வைக்கிறோம்.

வீட்டுப் புகைப்படங்களைச் சேகரிக்கும்போது குடும்பப் பெண்களின் படங்கள் அவர்களின் விருப்பமின்றி வெளிவரலாகாது. படத்தில் மரம் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் நன்னாவிடமோ நன்னியிடமோ கேட்டு, அந்த மரத்தடியில் நடந்த ஒரு செய்தியைத் தன் கையெழுத்தில் எழுதிப் படத்துக்குக் கீழே ஒட்டட்டும். மரத்தடியில் குழந்தையோடு நின்ற அந்தத் தாய்மார்களையும், வண்டிநிறுத்தத் தம்பிகளையும், எதிர்க்கடை அண்ணாச்சியையும் நாமே வீடு தேடிச் சென்று அழைப்போம். அவர்களுடைய நினைவும் அங்கே தொங்கட்டும். நம் வாசலில் அவர்கள் பல்லாண்டு காத்து நின்றார்கள். ஒருமுறையாவது உள்ளே வந்து அமர்ந்து தேநீர் அருந்தட்டும்.

இரண்டாம் நாள் அசருக்குப் பின் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, மஹல்லாவில் இப்போது நிற்கும் மரங்களைப் பிள்ளைகளைக்கொண்டே கணக்கெடுத்து ஒரு பதிவேடு தொடங்குவது. மரத்தின் பெயர், நிற்கும் இடம், அடிச்சுற்றளவு ஆகியவை போதும். இரண்டாவது, அடிமரத்தைச் சுற்றிப் பூசிய சிமெண்டை அகற்றுவது. டெல்லி மரங்களின் அடியில் ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை நீக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது. மூச்சு முட்டிய வேர்தான் புயலில் முதலில் சாய்கிறது. மூன்றாவது, தகரக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு கன்று. இம்முறை தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி வேண்டாம். நம் மண்ணின் புங்கையோ வேம்போ இருக்கட்டும். அதற்கு நீர் ஊற்ற, வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வகுத்து, பட்டியலை ஒளூ செய்யுமிடத்தில் ஒட்டிவைப்போம். ஒளூவின் நீரையே கால்வாய் வெட்டி அதற்குத் திருப்பிவிடலாம் என்று ஒரு சகோதரர் சொன்னார். நல்ல யோசனை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தீர்மானம் வேண்டும். இனி பள்ளிவாசல், மத்ரஸா, மையவாடி ஆகியவற்றின் எல்லைக்குள் எந்த மரத்தையும் வெட்டுமுன், மரம் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்ட வேண்டும். ஜும்ஆவில் அறிவித்து, ஒரு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். அரசு நிலத்து மரங்களுக்காக 2021இல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் பசுமைக் குழுக்களை அமைத்திருக்கிறது. அரசு தன் நிலத்தில் அனுமதி கேட்கச் சொல்லும்போது, அல்லாஹ்வின் இல்லத்து நிலத்தில் நாம் யாரையும் கேட்காமல் அரிவாளை எடுப்பது அழகாகுமா?

அன்புச் சகோதர சகோதரிகளே, அந்த மரம் இனி வரப்போவதில்லை. அதைப் பார்த்திராத பிள்ளை ஒன்று தன் நன்னா சொல்லக் கேட்டு, பச்சைப் பென்சில் தேயத் தேய அதை வரையப்போகிறது. கிளை எத்தனை, நிழல் எவ்வளவு தூரம் விழுந்தது, எங்கே கஞ்சிக்கு நின்றீர்கள் என்றெல்லாம் அது கேட்கும். “அதை ஏன் வெட்டினீர்கள்?” என்றும் கேட்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் இந்தக் கண்காட்சியை வேண்டாம் என்கிறோமோ என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

நாம் வீணாக்கிய நிழலுக்காக வல்ல இறைவன் நம்மை மன்னிப்பானாக. இனி நாம் நடும் கன்றை, நாம் இல்லாத காலத்திலும் எவரோ ஒதுங்கி நிற்கும் நிழலாக, நமக்கு நிலையான தர்மமாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.